சாமித்தட்டுக்குப் பின்னால்

கணேசலிங்கம் நீட்டிய வடைப் பார்சலைத் துசியந்தி அரைமனதோடுதான் வாங்கினாள். வடையில் ஒரு குறையும் இல்லை. கோயில் வடை, நல்ல உளுந்து, சூடுகூட ஆறவில்லை. கவுன்சில் ஆள் வீடு பார்க்க வருகிற அன்று வீட்டுக்காரர் பிரசாதத்தோடு வாசலில் காத்து நின்றால், அதைப் பக்தி என்று நம்ப அவள் என்ன நேற்றுப் பிறந்தவளா?

"இண்டைக்குக் கொடியேற்றம் எல்லே பிள்ளை. கோயில்ல இருந்து நேர வாறன். உங்களுக்கெண்டு தனியா எடுத்து வைச்சனான்."

"வேலை நேரத்தில ஒண்டும் வாங்கக்கூடாது அண்ணை."

"சாமின்ர சாப்பாட்டுக்குமோ சட்டம்?" என்று சிரித்துக்கொண்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இனி அதைத் திருப்பிக் கொடுக்க ஏலாது. பிரசாதத்தை நடுரோட்டில் எறியவா முடியும்? துசியந்தி அதைக் கைப்பைக்குள் திணித்தாள். அவர் பின்னால் படியேறும்போது எண்ணெய் வாசம் விடாமல் கூடவே வந்தது.

துசியந்திக்குத் தெற்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் வாடகை உதவிப் பகுதியில் வேலை. வருமானம் காணாத குடும்பங்களுக்கு அரசாங்கம் வாடகை கட்டுகிறது. அந்தப் பணம் குடும்பத்தின் கையில் படுவதே இல்லை, நேரே வீட்டுக்காரரின் கணக்குக்குப் போய்விடும். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை கவுன்சிலிலிருந்து ஒருவர் போய், அந்தக் குடும்பம் அங்கேதான் இருக்கிறதா, அது மனிதர் குடியிருக்கத் தக்க வீடுதானா என்று பார்த்து 'சரி' என்று பதிய வேண்டும். அந்த ஒரு 'சரி' விழுந்துவிட்டால் வீட்டுக்காரர் அடுத்த வருடம் முழுக்கக் காலை நீட்டிப் படுக்கலாம். ஸ்ட்ரெதம் பெருந்தெருவில் கோழிப்பொரியல் கடைக்கு மேலே உள்ள இந்த வீட்டை இதுவரை பார்த்து வந்தவள் ரேச்சல் என்ற வெள்ளைக்காரி. அவள் வேறு பகுதிக்கு மாறிப் போனதால் இம்முறை இது துசியந்தியின் தலையில் விழுந்தது.

கணேசலிங்கத்தைத் தெரியாத தமிழர் அந்தப் பக்கத்தில் இல்லை. கோயில் சபையில் முன்வரிசை. எட்டாம் திருவிழா அவருடைய உபயம். அன்று தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தாரென்றால் விடமாட்டார். எண்பத்தாறாம் ஆண்டு ஒற்றைப் பையோடு வந்து இறங்கி, ஒரே அறைக்குள் ஒன்பது பேராய்ப் படுத்த கதையை வருடா வருடம் சொல்லுவார். "அந்தக் கஷ்டம் எங்கட சனத்துக்கு வரப்படாது எண்டுதான் நான் வீடு குடுக்கிறன். சும்மா குடுக்கேல்லை, என்ர வீடு ஒவ்வொண்டிலயும் சாமித்தட்டும் வைச்சுத்தான் குடுக்கிறன்" என்பார். சனம் கைதட்டும். அந்த வீடுகளின் வாடகை அவ்வளவும் கவுன்சிலில் இருந்து வருவதை மட்டும் மைக்கில் சொல்லமாட்டார்.

கதவைத் திறந்தவள் ஜதுர்ஷிகா. முப்பது வயது மதிக்கலாம். புருசன் விட்டுவிட்டுப் போன பிறகு ஆறு வயது மகள் மேனுஷாவோடு இந்த வீட்டில் தனியே இருக்கிறாள். இரண்டு தெரு தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை. கதவு திறந்ததும் சாம்பிராணிப் புகை முகத்தில் அடித்தது. ஒரு குச்சி கொளுத்தின புகையா அது? சூரன்போருக்குக் கோயிலுக்குள் நெருக்குப்பட்டு நிற்கிற மாதிரி இருந்தது. அந்தப் புகைக்கு அடியில் இன்னொரு நாற்றம் படுத்துக் கிடந்தது. ஈரத் துவாயைப் பையில் கட்டி மறந்துவிட்டு, பிறகொரு நாள் திறந்தால் வருமே, அந்த நாற்றம்.

"வாங்கோ அக்கா" என்றாள் ஜதுர்ஷிகா. சொன்னது துசியந்தியைப் பார்த்து. கண் போனது கணேசலிங்கத்திடம்.

வீட்டைக் குறை சொல்ல ஏலாது, அவ்வளவு துப்புரவாக வைத்திருந்தாள். ஒரு படுக்கையறை, ஒரு முன்னறை, குசினி, குளியலறை. முன்னறையின் உள்சுவர் முழுக்கச் சாமித்தட்டு. தட்டு என்றால் சின்னத் தட்டல்ல. நிலத்திலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலே எழும்பிய தேக்கு நிற அலுமாரி, அதற்கு இரண்டு பக்கமும் சுவரே தெரியாமல் பெரிய பெரிய கண்ணாடிப் படங்கள். பிள்ளையார், முருகன், லட்சுமி, துர்க்கை, ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு கண்ணாடியின் கீழ்மூலையிலும் பொன்னிற எழுத்தில் 'உபயம்: கணேசலிங்கம் குடும்பம்'. குடியிருக்க வந்த பிள்ளை கும்பிடும்போதும் இவர் பெயரையும் சேர்த்துத்தான் கும்பிட வேண்டும்.

"ரேச்சல் வந்தவ எண்டா வாசல்லயே சப்பாத்தைக் கழட்டிப்போடுவா" என்றார் கணேசலிங்கம். "கையெடுத்துக் கும்பிட்டு 'லவ்லி' எண்டுவா. கிட்டவும் போகமாட்டா. வெள்ளைக்காரிக்கும் எங்கட சாமிக்குக் குடுக்கிற மரியாதை தெரிஞ்சிருக்கு, பாருங்கோவன்."

துசியந்தி குளியலறைக்குள் போனாள். கழிப்பறையும் குளிக்கிற தொட்டியும் ஒரே பக்கமாக, ஒரே சுவரோடு ஒட்டி இருந்தன. குழாய்கள் அந்தச் சுவருக்குள்தான் ஏறின. தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் பூசியிருந்த வெள்ளைப் பசை உரிந்து தொங்கியது. அவள் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள், திரும்ப முன்னறைக்கு வந்தாள், சாமித்தட்டைப் பார்த்தாள். அதே சுவர்.

அட கடவுளே! எந்தத் தமிழ்ப் பெண் கழிப்பறைச் சுவரோடு ஒட்டிச் சாமி வைப்பாள்? இடமில்லாவிட்டால் குசினி மூலையில் வைப்பாள், உடுப்பு அலுமாரியின் மேல்தட்டில் வைப்பாள், அதுவும் இல்லையென்றால் ஃப்ரிட்ஜுக்கு மேலே வைப்பாள். அந்தச் சுவரில் மட்டும் வைக்கவே மாட்டாள். ரேச்சலுக்கு இது எங்கே தெரியப்போகிறது? பாவம், அவள் மரியாதை தெரிந்தவள். அவளுடைய மரியாதையை வைத்துத்தான் இந்த மனிசன் வருடா வருடம் 'சரி' வாங்கியிருக்கிறார்.

"ஜதுர்ஷிகா, சாமியை ஏன் இந்தச் சுவரில வைச்சனீங்கள்?"

அவள் வாயைத் திறக்க முன் கணேசலிங்கம் முந்திக்கொண்டார். "நான்தான் பிள்ளை வைச்சுக் குடுத்தனான். ஐயரைக் கூட்டிவந்து மந்திரம் சொல்லி வைச்ச தட்டு. அசைக்கப்படாது. அசைச்சா குடும்பத்துக்குக் கூடாதெண்டு ஐயரே சொன்னவர்."

உள்ளே படுக்கையறையில் பிள்ளை இருமியது. வறட்டு இருமல் இல்லை. நெஞ்சுக்குள் எதையோ தோண்டுகிற இருமல். ஜதுர்ஷிகா துசியந்தியின் முழங்கையைப் பிடித்து, "அக்கா, ஒருக்கா குசினியைப் பார்க்க வாங்கோ" என்று இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். வீடு நல்லம் எண்டு போட்டுவிடுங்கோ."

"பிள்ளைக்கு எவ்வளவு காலமா இந்த இருமல்?"

"இஞ்சை வந்த பிறகுதான். முட்டு வருத்தம், ஆஸ்மா எண்டு பம்ப் தந்திருக்கினம். அதை நான் பார்த்துக்கொள்ளுறன் அக்கா. நீங்கள் வீடு சரியில்லை எண்டு போட்டால் அண்ணைக்கு ஒண்டும் நடவாது. எங்களைத்தான் எழுப்புவினம். மேல்வீட்டுச் சோமாலிக் குடும்பத்துக்கு அதுதான் நடந்தது. லண்டனில வீடு இல்லையெண்டு எங்கயோ கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் விட்டவை. எனக்கு இஞ்சை வேலை இருக்கு. விடியக்காலை ஷிப்ட் எண்டா பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில விட எதிர்வீட்டு அக்கா இருக்கிறா. அங்க எனக்கு ஆர் இருக்கினம்?"

துசியந்தியால் 'அப்படி நடவாது' என்று சொல்ல முடியவில்லை. அப்படித்தான் நடக்கும். வீடு பழுது என்று அவள் பதிந்தால் கவுன்சில் வாடகையை நிறுத்தும், குடும்பத்தை அவசர வீட்டுக்கு மாற்றும், அவசர வீடு லண்டனுக்குள் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். கணேசலிங்கம் சுவருக்கு வெள்ளை அடித்து வேறொருவரைக் குடிவைப்பார். அடி விழ வேண்டிய முதுகு ஒன்று, விழுகிற முதுகு இன்னொன்று. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் கண்ட நியாயம் இதுதான். நினைக்க நினைக்க வாய்க்குள் கசந்தது. சீ, இதுவும் ஒரு வேலையா!

"தட்டுக்குப் பின்னால என்ன இருக்கெண்டு பார்த்தனீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஜதுர்ஷிகா தலையைக் குனிந்தாள். "சாமியை அசைக்கப் பயம் அக்கா. ஏற்கெனவே பட்டது காணும். கொஞ்சம் மணக்கும், நான் சாம்பிராணி போட்டுவிடுவன்."

முன்னறைக்குத் திரும்பியதும் துசியந்தி நேரே சாமித்தட்டுக்குப் போனாள். கணேசலிங்கம் குறுக்கே வந்து நின்றார். முகத்தில் இன்னும் அதே கோயில் சிரிப்பு.

"பிள்ளை, குறை நினைக்கப்படாது, தகப்பன் மாதிரிக் கேக்கிறன். சாமியைத் தொடப் போறியள். சுத்தமாத்தானே வந்திருக்கிறியள்?"

துசியந்திக்குக் காது மடல் சுட்டது. நாற்பத்திநாலு வயது, அரசாங்க வேலை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, இவ்வளவும் இருந்தும் இந்த ஆள் ஒரே கேள்வியில் அவளைப் பாவாடைக்குள் கை விட்டுத் தேடியதுபோல் ஆக்கிவிட்டார். வேறு எந்த வீட்டுக்காரனாவது கவுன்சில் அதிகாரியிடம் இதைக் கேட்பானா? தமிழச்சி என்பதால் கேட்டார். தமிழச்சி என்றால் இந்தக் கேள்விக்குத் தானாகவே பின்வாங்குவாள் என்று தெரிந்துதான் கேட்டார்.

"இல்லை அண்ணை. இண்டைக்கு நான் துடக்கு."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் திகைத்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அப்பத் தொடப்படாது. உங்களுக்கே தெரியும்."

"சரி, நான் தொடேல்லை. நீங்கள் கோயில்ல இருந்து நேர வந்தனீங்கள், உங்களைவிடச் சுத்தமான ஆள் ஆர்? நீங்களே இழுங்கோ."

"எனக்கு நாரிப்பிடிப்பு" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள்! துசியந்தி அவரைத் தாண்டிக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அரியண்டமாக இருந்தது. பிடிவாதமெல்லாம் வாயில்தான். சிறுவயதிலிருந்து 'மாதத்தில் அந்த மூன்று நாளும் தொடாதே' என்று கேட்டு வளர்ந்த கை, முருகன் படத்துக்கு முன்னால் தானாகவே நின்றுவிட்டது. அதைக் கணேசலிங்கமும் பார்த்தார். பார்த்துச் சிரித்தார்.

அப்போதுதான் மேனுஷா கண்ணைக் கசக்கிக்கொண்டு அறைக்குள் வந்தாள். இருமலென்று அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. பெரியவர்கள் நிற்பதைச் சட்டை செய்யாமல் நேரே சாமித்தட்டுக்கு முன்னால் போய், இரண்டு கையையும் கூப்பி, அலுமாரிக்கும் முருகன் படத்துக்கும் இடையிலிருந்த இடைவெளியில் மூக்கை வைத்தாள். நெஞ்சு உயர மூச்சை இழுத்தாள். பிடித்து வைத்தாள். விட்டாள். இன்னொருக்கா இழுத்தாள்.

"என்ன செய்யிறீங்கள் செல்லம்?" என்றாள் துசியந்தி. அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"மூச்சுப் பயிற்சி அன்ரி. நேர்ஸ் சொன்னவ. சாமிக்குக் கிட்ட நிண்டு செய்தா இருமல் கெதியில போகும் எண்டு அம்மா சொன்னவ." சொல்லி முடிக்கவில்லை, இருமல் அவளை மடக்கிப் போட்டது.

ஜதுர்ஷிகா அந்த இடைவெளியைப் பார்த்தாள், மகளின் மூக்கைப் பார்த்தாள், குளியலறைக் கதவைப் பார்த்தாள். பிறகு யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. விறுவிறென்று போய் அலுமாரியின் ஒரு பக்கத்தைக் கட்டிப் பிடித்தாள்.

"அக்கா, மற்றப் பக்கம் பிடியுங்கோ."

"ஏய், என்ன வேலை இது! சாமிக் குற்றம்!" என்று கத்தினார் கணேசலிங்கம்.

துசியந்தி பிடித்தாள். இம்முறை கை நிற்கவில்லை. அலுமாரி முக்கி முனகிக்கொண்டு முன்னால் வந்தது. ஒரு பக்கத்துப் படங்கள் சரிந்து விழுந்து கண்ணாடி நொறுங்கியது.

சுவர் என்று ஒன்று அங்கே இல்லை. கறுப்புத்தான் இருந்தது. நிலத்திலிருந்து அலுமாரியின் தலை வரைக்கும் கறுப்புப் பூஞ்சணம், சில இடத்தில் பச்சை, சில இடத்தில் நாய் மயிர்போல் நீண்டு. பூச்சு ஊதி வெடித்து, உள்ளேயிருந்து மஞ்சள் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அது கழிப்பறைத் தண்ணீர் என்று மூக்கு சொன்னது. அலுமாரியின் முதுகில் கொழுத்த நத்தைகள், ஓடில்லாதவை, வெளிச்சம் பட்டதும் சுருங்கின. விழுந்த முருகன் படத்தைத் துசியந்தி திருப்பினாள். பின்பக்கத்து மட்டை சதசதவென்று விரலோடு வந்தது. முன்னால் மயில் நின்றது. சாமியின் முகம் இருந்த இடத்தைப் பூஞ்சணம் தின்று முடித்திருந்தது.

துசியந்தி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலை அடித்துத் திறந்தாள். துடக்காம் துடக்கு! இந்த மனிசன் இதற்கு முன்னால் விளக்கு வைத்து, மந்திரம் சொல்லி, தன் பெயரும் எழுதிவிட்டு, என்னைப் பார்த்துச் சுத்தமா என்று கேட்கிறாரே. தூ!

ஜதுர்ஷிகா அழவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, துப்பட்டா நுனியால் அவளுடைய மூக்கைத் துடைத்தாள். வாயைத் துடைத்தாள். திரும்ப மூக்கைத் துடைத்தாள். பிள்ளை "நோகுது அம்மா" என்று முகத்தைத் திருப்பியும் விடவில்லை.

"இதையோ... இதையோ நான் இவளை இழுக்கச் சொன்னனான்? காலையும் பின்னேரமும் கிட்டப் போ, கிட்டப் போ எண்டு நான்தானே சொன்னனான்." பிறகு துசியந்தியிடம் திரும்பினாள். "எழுதுங்கோ அக்கா. வடிவா எழுதுங்கோ. எங்க அனுப்பினாலும் போறன்."

"யோசிச்சுச் சொல்லு பிள்ளை" என்றார் கணேசலிங்கம். குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. "எனக்கு ஒரு நட்டமும் இல்லை. இந்த வீட்டுக்கு வேற கவுன்சில் வரிசையில நிக்குது. நீதான் தெருவில நிக்கப் போறாய்." பேசிக்கொண்டே குனிந்து, உடையாத படங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நாரிப்பிடிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து லட்சுமியின் முதுகைத் துடைத்துப் பார்த்தார். "இது கழுவினா வரும். மற்ற வீட்டுக்கு வைக்கலாம்."

"எந்த மற்ற வீடு அண்ணை?"

அவருடைய கை நின்றது. ஒவ்வொரு வீட்டிலும் சாமித்தட்டு என்று வருடா வருடம் மைக்கில் தானே சொன்னது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். துசியந்தி அவர் முன்னாலேயே போனை எடுத்துத் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். இந்த வீட்டுக்காரரின் பெயரில் உள்ள வீடு எல்லாவற்றையும் இன்றைக்கே திரும்பப் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லா வீட்டிலும் ஒரு பெரிய சாமி அலுமாரி இருக்கும், முதல் வேலையாக அதை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மரியாதை ஒன்றும் வேண்டாம் என்றாள். படியிறங்கும்போது வடைப் பார்சலை எடுத்துக் கோழிப்பொரியல் கடையின் குப்பைவாளிக்குள் போட்டாள். பிரசாதமாவது மண்ணாவது.

அன்று மாலையே ஜதுர்ஷிகாவையும் பிள்ளையையும் மாற்றினார்கள். ஜதுர்ஷிகா பயந்தது அப்படியே நடந்தது. லண்டனில் வீடு இல்லை. ரயிலில் மூன்று மணித்தியாலத் தூரத்தில், ஒரு தமிழ்க் கடைகூட இல்லாத ஊரில் ஒற்றை அறை. வேலை போயிற்று. ஆனால் சுவர் காய்ந்த சுவர், தட்டிப் பார்த்தேன் அக்கா என்று செய்தி அனுப்பியிருந்தாள். கணேசலிங்கத்தின் மற்ற வீடுகள் நான்கில் அதே அலுமாரியும் அதே பூஞ்சணமும் இருந்தன. அவற்றின் வாடகை நின்றது. இனி விசாரணையாம், வக்கீலாம், ஆறு மாதமாவது இழுக்குமாம்.

அடுத்த வாரம் எட்டாம் திருவிழா. துசியந்தி போகாமல் விட்டிருக்கலாம். ஏன் விட வேண்டும்? அவளும் கும்பிடுகிற சாமிதானே. கோயில் மண்டபத்தில் அன்னதான வரிசையில் அவள் சேர்ந்ததும், முன்னால் நின்ற இரண்டு பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி நின்றார்கள். அவளுடைய தாயோடு பழகிய தவநாயகி அன்ரிதான் வாய்விட்டுக் கேட்டாள்.

"உண்மையோ பிள்ளை? நீ துடக்கோட போய்ச் சாமித்தட்டை இழுத்து விழுத்தினியாம். அந்தப் பாவத்தில ஒரு பெட்டை பிள்ளையோட வீடுவாசல் இழந்து போச்சுதாம். சனம் கதைக்குது."

துசியந்தி விறைத்துப் போனாள். பூஞ்சணம் இல்லை, நத்தை இல்லை, பிள்ளையின் நெஞ்சு இல்லை. இந்தச் சனத்தின் காதுக்கு வந்து சேர்ந்தது அவளுடைய துடக்கு ஒன்றுதான். அதையும் கண்ணீர் விட்டுச் சொல்லியிருப்பார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

வரிசை நகர்ந்தது. முன்னால் அண்டாவுக்குப் பக்கத்தில் கணேசலிங்கம் நின்றார். தலையில் பட்டுப் பரிவட்டம், நெற்றி நிறைய விபூதி, கையில் அகப்பை. துசியந்தியைக் கண்டதும் சிரிப்பு மாறவில்லை. சர்க்கரைப் புக்கையை ஒரு அகப்பை நிறைய அள்ளி, எல்லாருக்கும் கேட்கும்படி இரக்கமாகச் சொன்னார்.

"வாங்கோ பிள்ளை, நீட்டுங்கோ. தெரியாமச் செய்தது தானே. சாமி மன்னிப்பார்."

துசியந்தி தட்டை நீட்டவில்லை. அவருக்குப் பின்னால் தீபம் எரிகிற மூலஸ்தானத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவரைவிட உரத்த குரலில் கேட்டாள்.

"அண்ணை, இந்தச் சாமிக்குப் பின்னால என்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

அகப்பை அந்தரத்தில் நின்றது. புக்கை ஒரு கட்டியாக வழுகி அவருடைய பட்டு வேட்டியில் விழுந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள், "என்னவாம்? என்னவாம்?" என்று எட்டிப் பார்த்தார்கள். துசியந்தி தட்டை மேசையில் வைத்துவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினாள். முதலில் தவநாயகி அன்ரியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். பிறகு கழிப்பறைச் சுவரிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.